இருபத்தேழாம் எண் மேசை

கருவக்குளத்து நால்வரை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

தவசி படம் போடுவான். சங்கிலி கதை சொல்லுவான். பூமிநாதன் வசனம் எழுதுவான். ஒச்சப்பன் இவர்கள் மூவரையும் பார்த்துத் தலையாட்டுவான். நால்வரும் சேர்ந்து சொந்தமாக ஒரு காமிக்ஸ் போட்டார்கள். திருடனைப் பிடிக்கக் கிளம்பும் துப்பறிவாளர் கதை.

தொடங்கும்போது ஒரு பெரிய ஓவியரிடம் யோசனை கேட்டார்கள். "ஒரு கட்டத்துக்கு ஒரு செயல்தான் இருக்கணும், தம்பிகளா" என்றார் அவர். அப்படியே செய்தார்கள். துப்பறிவாளர் ஒரு கட்டத்தில் இடது கண்ணைத் திறந்தார், அடுத்த கட்டத்தில் வலது கண்ணைத் திறந்தார். மூன்று வருடம் போனது. முந்நூறு பக்கம் ஆனது. அவர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை.

"திருடன் எப்படா வருவான்?" என்றான் ஒச்சப்பன்.

"இவரு குளிக்காம கொள்ளாம எப்படிடா போயிப் பிடிப்பாரு? ஒரு திருடன் என்ன நெனைப்பான்?" என்றான் சங்கிலி.

நியாயமாகத்தான் பட்டது. அட்டையில் 'முதல் பாகம்' என்று போட்டு அச்சடித்து, மதுரையில் நடந்த காமிக்ஸ் திருவிழாவுக்குக் கொண்டு போனார்கள்.

"நம்ம நாலு பேரத் தவிர இன்னும் ஒரே ஒரு ஆளு முழுசாப் படிக்கணும்டா. இல்லேன்னா நான் பேனாவ வச்சிட்டு மாமா மாவு மில்லுக்கே போயிர்றேன்" என்றான் தவசி. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

விழாவை நடத்திய தணிகாசலம் அவர்களுக்கு இருபத்தேழாம் எண் மேசையைக் காட்டினார். "நான் வந்து சொல்ற வரைக்கும் மேசைய விட்டு நகரக் கூடாது. ஆளாளுக்கு வேடிக்கை பாக்கப் போயிடுறீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பதினோரு மணிக்கு ஒச்சப்பனுக்கு ஒன்றுக்கு வந்தது.

"போயிட்டு வாடா."

"மேசைய விட்டு நகரக் கூடாதுன்னாரே!"

நால்வரும் யோசித்தார்கள். ஒச்சப்பன் கால்களைப் பின்னிக்கொண்டு யோசித்தான்.

"மேசையும் கூட வந்தா?" என்றான் பூமிநாதன். அவன் பிளஸ் டூ வரை படித்தவன்.

ஆளுக்கு ஒரு காலாகத் தூக்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து அங்கே உமையாள் வந்தார். தபால் ஆபீஸில் வேலை. புதிதாக யார் காமிக்ஸ் போட்டாலும் தேடிப் படிக்கிறவர். இருபத்தேழாம் எண் இருந்த இடத்தில் நான்கு நாற்காலிகள்தான் இருந்தன. நாற்காலிகளைப் பற்றித் தணிகாசலம் எதுவும் சொல்லவில்லையே!

உமையாள் விசாரித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனபோது மேசை டீ குடிக்கப் போயிருந்தது. டீக்கடைக்குப் போனபோது மாறுவேடப் போட்டியை வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. அங்கே முகமூடிக்காரர்களின் வரிசையில் இவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

"நீங்க என்ன வேஷம்?" என்றார் நடுவர்.

"மேசைங்க" என்றான் ஒச்சப்பன்.

ஆறுதல் பரிசு கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவழியாக உமையாள் மேசையைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது. "இனி இது எங்க போகுதுன்னு பாக்குறேன்" என்று மேசை மேலேயே ஏறி உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்தார்.

பத்தாம் பக்கத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருபதாம் பக்கத்தில் நகத்தைக் கடித்தார். "போர்வைய விலக்குவாரா மாட்டாரான்னு பதறிப் போயிட்டேன்!" என்றார். தவசி மேசைக் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மணி ஐந்தரை. கூட்டம் கலைந்துவிட்டது. தணிகாசலம் வந்து சொல்லவே இல்லை. மனிதர் காலையிலிருந்து இருபத்தேழாம் எண் மேசையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கு ஆறு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது.

"அந்தம்மாவ எறங்கச் சொல்லுவமா?" என்று ஒச்சப்பன் கிசுகிசுத்தான்.

"மூணு வருஷத்துல ஒரு ஆளு கெடைச்சிருக்காக. பாதியில எறக்கி விட்டா திரும்பப் படிப்பாகளா?" என்று தவசி சீறினான்.

"அப்ப மேசைய?"

"அவரு வந்து சொல்லலையே!"

தூக்கினார்கள். இந்த முறை கொஞ்சம் கனம். உமையாள் பக்கத்தைப் புரட்டினார்.

பஸ் நிலையத்தில் கண்டக்டர் வழியை மறித்தார். "என்னய்யா இது, ஊர்வலமா? மேசைய மேல ஏத்துங்க."

"மேல ஏத்துனா நாங்களும் மேலதான் வரணும்" என்றான் பூமிநாதன்.

"அந்தம்மா எங்க போறாக?"

"அவுக வாசகருங்க. சத்தம் போடாதீக."

கண்டக்டர் உமையாளிடமே கேட்டார். "யம்மா, டிக்கெட்டு எங்கிட்டுக்கு?"

அவர் தலை நிமிரவில்லை. "கொஞ்சம் இருங்க. சட்டை மாட்டிட்டாரு. இன்னும் ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அடுத்த கட்டத்தையும் பார்த்தார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, வண்டிய எடுத்துறாதீக! ஒருத்தரு பட்டன் போட்டுக்கிட்டிருக்காரு!"

டிரைவர் எஞ்சினை அணைத்தார். "பதறாம போடச் சொல்லப்பா. அவரும் ஏறட்டும், போவோம்."