தட்டாத கை

சூப்பர் ஹீரோக்கள் குடியிருந்த அந்தக் குன்றில் ஒரு சாமியும் இருந்தது. போராட்டத்துக்கான சாமி. பெயர் இடறன். கோயில் கிடையாது, பூசை கிடையாது, யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததும் கிடையாது. பறக்கிறவர்களின் மேலங்கியைத் துணிக்கொடியோடு சேர்த்து முடிச்சுப் போடுவான். இரும்பு உடம்புக்காரரின் செருப்புக்குள் நெருஞ்சி முள்ளைப் போட்டு வைப்பான். யாராவது கம்பீரமாக நடந்து வந்தால் குறுக்கே காலை நீட்டுவான். பார்வைக்கு முப்பது வயது ஆள் மாதிரி இருப்பான். முழங்கால் இரண்டிலும் எப்போதும் சிராய்ப்பு.

குன்றில் அவனைக் குருவாக மதித்தவள் மரகதம் ஒருத்திதான். வயது ஐம்பதைத் தொட்டவள். ஓடுகிற லாரியை உள்ளங்கை காட்டியே நிறுத்துகிற சக்தி அவளுக்கு இருந்தது. போன மழையில் ஆற்றுப் பாலம் சரிந்தபோது, கடைசி ஆள் கடந்து முடிக்கும்வரை அதைத் தாங்கிப் பிடித்தாள். அன்றோடு சக்தி போயிற்று. திரும்ப வரவில்லை.

சக்தி போனவர்கள் குன்றில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கழுத்தைப் பிடித்தெல்லாம் தள்ள மாட்டார்கள், மரியாதையாகத்தான் அனுப்புவார்கள். மணல் களத்தில் தலைவரோடு ஒரு மல்யுத்தம் வைப்பார்கள். இதற்கு மேல் முடியாது என்கிறவர் உள்ளங்கையால் மணலைத் தட்ட வேண்டும். தட்டியவர் தோற்றவர். ஜெயித்தால் குன்றிலேயே இருக்கலாம் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் ஜெயிக்கப் பார்த்தவர்கூட இதுவரை யாரும் இல்லை. தலைவர் பூப்போலத் தூக்கிப் போடுவார், போகிறவர் தட்டுவார், மேளம் கொட்டும். பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு நாலு வார்த்தை புகழ்ந்து பேசி, அடிவாரம் வரைக்கும் காரில் கொண்டுபோய் விடுவார்கள்.

மரகதத்துக்கு அந்தப் பொன்னாடை வேண்டாம். ஆற்றோரக் குப்பங்களில் யாருக்கு ஆபத்து என்றாலும் குன்றில் ஒரு மணி அடிக்கும். குன்றில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது கேட்கும். ஆனால் அங்கே மற்ற ஹீரோக்களுக்கு அது சில்லறை வேலை. வானத்திலிருந்து வருகிற எதிரிகளைக் கவனிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லையாம். இவள் மட்டும்தான் இறங்கிப் போவாள். சக்தி போன பிறகும் கயிறும் பரிசலுமாகப் போய் இரண்டு பிள்ளைகளை வெள்ளத்திலிருந்து இழுத்து வந்திருக்கிறாள். தான் போய்விட்டால் அந்த மணி அடித்துக்கொண்டே கிடக்கும் என்று நினைத்தாலே அவளுக்குப் பொறுக்கவில்லை.

சடங்குக்கு முந்தின நாள் இடறனைத் தேடிப் போனாள். அவன் தலைவருடைய சிலையின் தலைமேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

“சாமி, நாளைக்கு நான் ஜெயிக்கணும். வழி சொல்லு.”

“ஜெயிக்கிறதுக்கு வேற சாமி இருக்கு. அவர் எப்பவும் பெரிய இடத்துலதான் இருப்பார். நம்ம பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்.”

சொல்லிக்கொண்டே இறங்கி வந்தவன் அவள் காலை வாரிவிட்டான். மரகதம் தொபுக்கென்று விழுந்தாள். களத்துப் பழக்கம், கை தானாகவே மண்ணைத் தட்டியது. எழுந்தாள். மறுபடியும் வாரிவிட்டான். மறுபடியும் தட்டினாள். அதற்கடுத்து விழுந்தபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டப் போன கையால் அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். கடலையெல்லாம் சிதற, இடறன் மல்லாந்து விழுந்து வாய்விட்டுச் சிரித்தான்.

“இங்க உன்னைத் தூக்கிப் போடாதவங்க யாராவது இருக்காங்களா?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ஒருத்தரும் இல்லை. புதுசா வர்றவங்க என்னை வெச்சுத்தான் பழகுவாங்க.”

“அப்ப உன்னை ஏன் இன்னும் அனுப்பலை?”

“ஆட்டம் முடிஞ்சாத்தானே அனுப்புவாங்க? நான் இன்னும் தட்டலையே.”

மரகதம் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து கடலையைப் பொறுக்கினாள்.

மறுநாள் காலை களத்தைச் சுற்றிக் குன்றே கூடியிருந்தது. பொன்னாடை தட்டில் மடித்துத் தயாராக இருந்தது. தலைவர் பொற்றோளன் நல்ல மனிதர். மரகதத்தைத் தங்கையாகவே நினைத்தவர். தோளைத் தாங்கிப் பிடித்து வலிக்காமல் மணலில் கிடத்தினார். மேளக்காரர் குச்சியை ஓங்கினார். மரகதம் தட்டவில்லை. எழுந்து மறுபடியும் தலைவர்மேல் பாய்ந்தாள்.

மறந்துவிட்டாள் போல என்று முதலில் நினைத்தார்கள். பிறகு சிரித்தார்கள். அப்புறம், வயசான காலத்தில் இவளுக்கு இதெல்லாம் தேவையா என்று முணுமுணுத்தார்கள். வெயில் ஏற ஏறப் பொற்றோளனும் ஓங்கிப் போட ஆரம்பித்தார். அவள் உதடு கிழிந்தது. வலது தோள் இறங்கிவிட்டது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தாள். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு கட்டத்தில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. குப்புறக் கிடந்தவளின் முதுகில் தலைவர் ஒரு முழங்காலை வைத்து, மணலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

“தட்டிடும்மா. உன்னை இப்படிப் பார்க்க எனக்கு மனசு வரலை.”

“மாட்டேண்ணே.”

“உன்கிட்ட சக்தி இல்லை. அதை ஒத்துக்கிட்டா என்ன?”

“அதை எப்பவோ ஒத்துக்கிட்டேன். போறதுக்குத்தான் ஒத்துக்கலை. அந்த மணி அடிக்கிறப்ப உங்கள்ல யாராவது இறங்கிப் போவீங்களா? போவோம்னு சொல்லுங்க, இப்பவே தட்டுறேன்.”

பொற்றோளன் கூட்டத்தை ஏறிட்டுப் பார்த்தார். யாரும் முன்னால் வரவில்லை. இரும்பு உடம்புக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். இத்தனை பலசாலிகளில் நான் போகிறேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று மரகதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை இறுக மூடி மார்புக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இடறன் களத்துக்குள் வந்தான். வருகிற வழியில் பொன்னாடைத் தட்டைக் காலால் கவிழ்த்துவிட்டு, அடடா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். மரகதத்துக்குப் பக்கத்தில் வந்து அவளைப் போலவே குப்புறப் படுத்தான்.

“நீதான் இவளைக் கெடுத்து வெச்சிருக்கே,” என்றார் பொற்றோளன். “நீ சொன்னா கேட்பா. தட்டச் சொல்லு. இதுக்கு மேல என்னால முடியாது.”

இடறன் மரகதத்தின் முகத்தைப் பார்த்தான். அவள் மணலோடு மணலாகத் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் தலைவர் பக்கம் திரும்பினான்.

“முடியாதுன்னா தட்டுங்க தலைவரே. உங்க கையும் மணல்லதானே இருக்கு.”