தவமணி தெளித்த தண்ணீர்

எஸ்டேட் முதலாளி துரைப்பாண்டியனின் பழைய ஜீப் மேடேறும்போதெல்லாம் உதறி உதறி நின்றது.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டே, வேலையை விட்டுப் போ!" என்று டிரைவர் சவரிமுத்துவை விரட்டினார்.

சந்தைக்குப் பையோடு கிளம்பிய சமையல்காரி தவமணி குறுக்கே வந்தாள். "என்ன கோளாறுன்னு பார்த்துட்டு விரட்டுங்கய்யா."

"தோசை சுடுறவ நீ பார்ப்பியா? ஒரு நட்டுகூடக் கழட்டாம கோளாறைக் காட்டு. இல்லேன்னா நீயும் நடையைக் கட்டு!"

தவமணி பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிடச் சொன்னாள். தோசைக்கல்லில் தெளிப்பதுபோல், இஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் புகை வெளியேறும் நான்கு குழாய்களிலும் தண்ணீர் தெளித்தாள். மூன்று சுரீரென்றன, ஒன்று ஈரமாகவே கிடந்தது.

"இந்த ஒரு அடுப்புதான் எரியலை. பெட்ரோல் கெட்டிருந்தா நாலுமே மக்கர் பண்ணணுமே, ஐயா?"

சவரிமுத்து அந்தச் சிலிண்டரில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினான். கரியேறிய பழைய பிளக். "புதுசு எதுக்கு, இதையே மாட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க, ஐயா."

புதிய பிளக் மாட்டியதும் ஜீப் சீராக உறுமியது. துரைப்பாண்டியன் சவரிமுத்துவையே வண்டியை எடுக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். பிறகு தவமணியைப் பார்த்தார்.

"சந்தைக்குத்தானே போறே? நீயும் ஏறும்மா."