போர்டுக்கு முதுகு காட்டிய கமிட்டி

எங்க ஊர் பேர் ஏழரைமுக்கு. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன். ஊருக்கு நடுவுல ஒரு கூடைப்பந்து மைதானம் இருக்கு. அதுல ஒரு ஸ்கோர் போர்டு, ஆணியில தகரத் தகடு மாட்டுற பழைய போர்டு. இருபத்தோரு வருஷமா அதுக்குத் தகடு மாத்துறவன் நான்தான். அதனால நான் சொல்றதுல ஒரு பாயிண்ட் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

எங்க மின்னல் கிளப் பதினோரு வருஷமா ஒரு கோப்பையும் வாங்கல. கேப்டன் தளவாய்க்கு வயசு நாப்பத்திநாலு. பந்து கையில கிடைச்சா யாருக்கும் தரமாட்டார். அவர்கிட்டேருந்து பிடுங்கணும்னு எதிராளியும் சிரமப்பட வேண்டாம், நாலு எட்டு ஓடினதும் அவரே கீழே வெச்சுட்டு இடுப்புல கையை ஊனி மூச்சு வாங்குவார். தலைவரோட மச்சினன்கிறதால யாரும் வாயைத் திறக்கிறதில்லை.

கிளப்பை நடத்துறது மூணு பேர் கமிட்டி. தலைவர் கோட்டைச்சாமி அண்ணாச்சி, மரக்கடைக்காரர். துணைத்தலைவர் நெல்லையப்பன், மாவு மில் வெச்சிருக்கார். செயலாளர் செண்பகராமன் பத்திர ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவர், தும்மினாக்கூட தீர்மானப் புத்தகத்துல எழுதிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார். மூணு பேரும் தங்கமான மனுஷங்க. அதை இப்பவே சொல்லி வெச்சுடுறேன், பின்னால சொல்ல வாய்ப்புக் கிடைக்குமோ என்னவோ.

டீமைப் புதுசாக் கட்டணும்னு முடிவு பண்ணி, பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா இருந்த வியாகுலமேரியைக் கூட்டிட்டு வந்தாங்க. ஜெனரல் மேனேஜர்னு பதவிப் பேரெல்லாம் பெருசாத்தான் கொடுத்தாங்க. பாவம், அந்தம்மா இதை நம்பி இருந்த வேலையை விட்டுட்டு வந்துட்டாங்க. இங்கே வேண்டாம்னு அனுப்பினா அவங்களுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது.

வந்த முதல் வாரமே டீச்சர் ஒரு காரியம் பண்ணினாங்க. தளவாயைப் பக்கத்து ஊர் கிளப்புக்குக் கொடுத்துட்டு, ஐஸ் கம்பெனியில வேலை பார்க்கிற ரெண்டு நெட்டைப் பசங்களை வாங்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேருக்கும் வயசு பத்தொன்பது. கமிட்டி அவசரமாக் கூடிச்சு. செயலாளர் காகிதத்துல கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு, முகம் வாடிப்போய், "அண்ணாச்சி, நாப்பத்திநாலைக் கொடுத்துட்டு முப்பத்தெட்டு வாங்கியிருக்காங்க. ஆறு வயசு நட்டம்"னார். நெல்லையப்பன் ரொம்ப நேரம் யோசிச்சு, பசங்க இன்னும் மூணு வருஷம் இருந்தா அந்த ஆறும் வந்துடும்னு சமாதானம் சொன்னார். தளவாயை ஒரே மாசத்துல அந்த ஊர்க்காரங்க பஸ் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. வந்தவர் மைதான கேட்டுல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டார். அவருக்கு இப்ப கேப்டன் ஆசை போய், மேனேஜர் ஆசை வந்துடுச்சு.

டீச்சர் கமிட்டியைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பக்குவமாச் சொன்னாங்க. "எல்லாம் புதுப் பசங்க. முதல்ல நிறைய தோப்போம். நீங்க ரெண்டு வருஷத்துக்கு ஸ்கோர் போர்டைப் பார்க்காதீங்க. அதுக்கப்புறம் பார்த்துட்டு என்னை வெச்சுக்கிறதா, அனுப்புறதான்னு முடிவு பண்ணுங்க."

வேற ஊரா இருந்தா தலையை ஆட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. எங்க செயலாளர் புத்தகத்தை எடுத்துட்டார். 'இன்று தை மூன்றாம் நாள் முதல் ஈராண்டு காலத்துக்கு நிர்வாகக் குழுவினர் எவரும் ஸ்கோர் போர்டைப் பார்ப்பதில்லை எனவும், காலம் முடிந்ததும் மூவரும் நேரில் வந்து போர்டைப் பார்த்து மேனேஜரின் பணியைத் தீர்மானிப்பது எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. எனக்கு அன்னிக்கே மனசு விட்டுப்போச்சு. நான் தகடு மாத்துறதே இவங்க பார்க்கத்தானே.

முதல் மேட்ச் அன்னிக்கு மூணு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாங்க. மாலை போடப்போன ஆள் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தெரியாம சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவுல சிக்கிக்கிட்டார். கொஞ்ச நேரத்துல கூட்டம் ஸ்கோரைச் சொல்லிக் கத்த ஆரம்பிச்சதும் செயலாளருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. காதால கேட்கிறது பார்த்த கணக்குல சேருமான்னார். தீர்மானத்துல பார்க்கக்கூடாதுன்னுதான் இருக்கு, கேட்கக்கூடாதுன்னு இல்லைன்னார் நெல்லையப்பன். தலைவர் அசரலை.

"காதுல விழுந்தா மனசு போய்ப் பார்த்துடும்வே. மனசு பார்த்தா நாம பார்த்த மாதிரிதான்."

அடுத்த மேட்சுலேருந்து மூணு பேர் காதுலயும் பஞ்சு.

மேட்ச் முடிஞ்சு வெளியே போறதுலயும் சிக்கல். கேட்டுக்குப் போற வழியில திரும்பினா போர்டு கண்ணுல பட்டுடும். அதனால பின்பக்கமாவே நடந்து போனாங்க. மூணு மேட்ச் ஒழுங்காப் போச்சு. நாலாவது மேட்சுல தலைவர் சாக்கடையில விழுந்தார். விழுந்த இடத்துலேருந்து தலையைத் தூக்கினா நேரா போர்டு தெரியுமாம், அதனால கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அப்படியே கிடந்தார். தூக்குங்கன்னு அவர் கத்தினது மத்த ரெண்டு பேருக்கும் பஞ்சுல கேட்கலை. அவங்க பாட்டுக்குப் பின்னாலயே நடந்து வந்து அவர் மேலயே விழுந்தாங்க.

பேப்பர்ல ஸ்கோர் வருமேன்னு அடுத்த பயம். நெல்லையப்பன் தினமும் காலையில தன் சம்சாரத்துக்கிட்ட விளையாட்டுச் செய்தியைக் கத்தரிக்கச் சொல்லிட்டு, ஓட்டையோட பேப்பர் படிச்சார். ஒருநாள் அந்த ஓட்டையோட பின்பக்கத்துல மின்தடை அறிவிப்பு இருந்திருக்கு. மில்லுல ஏழு வீட்டு மாவு பாதியில நின்னுபோய், பெண்கள் எல்லாம் சேர்ந்து அவரைப் பேசின பேச்சு இருக்கே. அதுக்கும் அவர் பஞ்சை எடுத்து வெச்சுக்கிட்டார், அது மட்டும் புத்திசாலித்தனம்.

இப்படி இருந்தா மேனேஜர் எப்படி வேலை பார்க்கிறாங்கன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. சுவரோரமா கடலைக்காரர் ஒருத்தர் நிப்பார். அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது அவர் ஒருத்தர்தான். கடலை நிறைய வித்தா ஜனங்க சந்தோஷமா இருக்காங்க, ஜனங்க சந்தோஷமா இருந்தா டீம் நல்லா ஆடுதுன்னு கமிட்டி முடிவுக்கு வந்துச்சு.

முதல் வருஷம் இருபத்திரெண்டு மேட்சுல பத்தொன்பது தோத்தோம். என் கையாலதான் தகடு மாட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆட்டம் பார்க்கச் சகிக்காம ஜனங்க எல்லாம் கடலை தின்னுக்கிட்டே ஊர்க்கதை பேசினாங்க. கடலை மலைமாதிரி வித்துச்சு. மேனேஜர் பணி பிரமாதம்னு கமிட்டி பாராட்டித் தீர்மானம் போட்டுச்சு, டீச்சர் ஒண்ணும் புரியாம நன்றி சொன்னாங்க.

ரெண்டாவது வருஷம் பசங்க ஆட்டத்தைப் பிடிச்சுட்டாங்க. ஐஸ் கம்பெனிப் பசங்க ரெண்டு பேரும் துள்ளினா கூடையே கீழே இறங்கி வந்தமாதிரி இருக்கும். எனக்குத் தகடு மாத்திக் கை வலிச்சுச்சு, ஆனா அந்த வலி எனக்கு எவ்வளவு பிடிச்சிருந்துச்சு தெரியுமா. டீச்சர் ஓரத்துல நின்னு நகத்தைக் கடிப்பாங்க, ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்கும். அப்ப எவன் கடலை வாங்குவான்? கடலைக்காரர் அடுப்பை அணைச்சுட்டு ஆட்டம் பார்க்க வந்துட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கமிட்டிக்குக் கடலைக்காரர் நின்ன இடம் காலியாத் தெரிஞ்சுது. டீம் நாசமாப் போகுதுன்னு பேசிக்கிட்டாங்க. கேட்டுல இருந்த தளவாய்க்கு நல்ல காலம் பொறந்த மாதிரி இருந்துச்சு. ஸ்டூலை ரெண்டடி உள்ளே நகர்த்திப் போட்டுக்கிட்டார். டீச்சர் என்கிட்ட வந்து, நாம ஜெயிக்கிறோம், இவங்க ஏன் துக்க வீட்டுக்கு வந்தவங்க மாதிரி இருக்காங்கன்னு கேட்டாங்க. நான் கடலைக் கதையைச் சொன்னேன். அவங்க அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க.

பைனல் எங்க மைதானத்துலயே நடந்துச்சு. கெடு முடிய இன்னும் ஒன்பது நாள். கடைசி நிமிஷத்துல அறுபத்திரெண்டுக்கு அறுபத்தொண்ணுன்னு ஜெயிச்சோம். நான் அழுதுட்டேன், சொல்றதுக்கென்ன வெட்கம். டீச்சர் ஓடிப்போய்த் தலைவர் காதுல இருந்த பஞ்சை எடுத்து, ஜெயிச்சுட்டோம், இப்பவாவது திரும்பிப் பாருங்கன்னு கெஞ்சினாங்க.

தலைவர் சுவரைப் பார்த்துக்கிட்டே ரொம்ப மரியாதையாச் சொன்னார். "டீச்சர், உங்களுக்குக் கொடுத்த வாக்கு இது. இன்னும் ஒன்பது நாள் இருக்கு. நீங்களே அதை உடைக்கச் சொன்னா எப்படி?"

பஞ்சை வாங்கித் திரும்ப வெச்சுக்கிட்டார். கோப்பையைப் பசங்களே வாங்கிக்கிட்டாங்க.

எட்டாவது நாள் செயலாளர் என்கிட்ட வந்து, நாளைக்குக் கமிட்டி போர்டைப் பார்க்க வருது, போர்டைச் சுத்தமா வைன்னார். இருபத்தோரு வருஷத்துல முதல் தடவையா என்னை மதிச்சு ஒரு வார்த்தை. விடுவேனா? பைனல் தகட்டை எல்லாம் கழட்டி, புளி போட்டுத் தேய்ச்சு, ஆணிக்கு எண்ணெய் விட்டு, விதிப்படி ரெண்டு பக்கமும் பூஜ்ஜியத்தை மாட்டி வெச்சேன். பளபளன்னு இருந்துச்சு. டீச்சர் காலையில வந்து போர்டைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கலை. தகட்டை மாத்துறதுக்குள்ள மேளச்சத்தம் கேட்டுடுச்சு.

மூணு பேரும் வெள்ளை வேட்டி சட்டையில, கழுத்துல மாலையோட, பின்பக்கமா நடந்து வந்து, நடு மைதானத்துல நின்னு, மணி பத்து அடிச்சதும் ஒண்ணாத் திரும்பினாங்க. போர்டைப் பார்த்தாங்க. மேளம் நின்னுடுச்சு.

"ரெண்டு வருஷம் அண்ணாச்சி. பூஜ்ஜியம்"னார் செயலாளர்.

டீச்சர் கோப்பையைக் காட்டினாங்க. ஒரு பாயிண்ட்கூடப் போடாத டீமுக்குக் கோப்பை ஏது, காசு சுண்டிப் போட்டுக் கொடுத்திருப்பாங்கன்னு ஒதுக்கிட்டாங்க. ஸ்கோர் நோட்டைக் காட்டினாங்க. தீர்மானத்துல நோட்டு இல்லை, போர்டுன்னுதான் இருக்குன்னார் செயலாளர். நான் குறுக்கே விழுந்து உண்மையைச் சொன்னேன். வாயைப் பார்க்கவும் தீர்மானம் இல்லைன்னு என்னையும் அடக்கிட்டாங்க. டீச்சர் கண்ணுல தண்ணி நின்னுச்சு. பசங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தளவாய் ஸ்டூலைத் தூக்கிட்டு நடு மைதானத்துக்கே வந்துட்டார்.

செயலாளர் பேனாவைத் திறந்து, டீச்சரை அனுப்புறதா எழுதப்போனார். அப்பத்தான் நெல்லையப்பன் கையைத் தூக்கினார். மாவு மில்காரர், எந்தத் தராசையும் ஒரு பக்கம் மட்டும் பார்க்க மாட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கமும் பூஜ்ஜியம்தானே இருக்கு?"

மூணு பேரும் கிட்டப்போய்ப் பார்த்தாங்க. ஆமா, பூஜ்ஜியம்தான். தலைவருக்கு மெல்ல மெல்ல விளங்கிச்சு. ரெண்டு வருஷம், அத்தனை டீம் வந்து மோதியும் ஒருத்தன்கூட ஒரு பாயிண்ட் போட முடியலை. இப்படி ஒரு தடுப்பு ஆட்டம் உலகத்துல எங்கே நடந்திருக்குன்னு கேட்டார். தன் கழுத்து மாலையைக் கழட்டி டீச்சருக்குப் போட்டார். மேளம் திரும்ப ஆரம்பிச்சுது.

அங்கேயே தீர்மானம் ஆச்சு. டீச்சருக்கு இன்னும் ரெண்டு வருஷம் பதவி. ஆனா தடுத்தா மட்டும் போதாது, அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள எப்படியாவது ஒரு பாயிண்ட் போடணும். டீச்சர் அதை ரெண்டு தடவை வாசிச்சுட்டு, ஒரு பாயிண்ட் போதுமான்னு கேட்டாங்க. கஷ்டம்தான், அவசரமே இல்லைன்னு தலைவர் தைரியம் சொன்னார். அப்ப அதுக்கு மேல போடுற ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இதே மாதிரி ரெண்டு வருஷம் கூட்டித் தருவீங்களான்னு டீச்சர் கேட்டாங்க. நியாயம்தானேன்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்சுல பசங்க எழுபத்திமூணு பாயிண்ட் போட்டாங்க. கமிட்டி ரெண்டு வருஷத்துல முதல் தடவையா மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்துச்சு. நான் தகட்டை மாத்த மாத்தச் செயலாளர் பதவிக்காலத்தைக் கூட்டிக் கூட்டி எழுதினார். முடிவுல டீச்சருக்கு நூத்திநாப்பத்தாறு வருஷம் வேலை உறுதியாச்சு.

தளவாய் சோர்ந்துபோகலை. நூத்திநாப்பத்தாறு வருஷம் கழிச்சு அந்த இடம் காலியாகுமில்லையா, அதுக்குத் தன் பேரை இப்பவே எழுதி வைங்கன்னு மனுக் கொடுத்தார். அப்ப இவருக்கு நூத்தித்தொண்ணூத்திரெண்டு வயசு ஆகுமேன்னு செயலாளர் தயங்கினார். தலைவர் மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேப்டன் வேலைக்குத்தான்வே வயசு பார்க்கணும். மேனேஜருக்கு அனுபவம்தானே முக்கியம், எழுதும்"னார்.