உடையாருக்கு ஒரு சதுக்கம்

யானை பேச்சியம்மாள் வீட்டுச் சுவரில் நெற்றியை வைத்துவிட்டது. பாகன் அரண்மனை முரசுக்காகக் காத்திருந்தான். இடுப்புப் பூக்கூடையை இறக்காமலே அவள் அரண்மனை வாசலுக்கு ஓடி, உள்ளே போய்க்கொண்டிருந்த சபைப் புலவர் திருமலைக்கொழுந்தின் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, முரசு அடிச்சா எங்க பூக்காரத் தெரு மொத்தமும் போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஒரு வார்த்தைதானே, பார்ப்போம்” என்றார் கொழுந்து.

எல்லாம் ஓர் ஓவியத்தால் வந்தது. இத்தாலி தேசத்துப் பொலோன்யா நகரின் பெரிய சதுக்கத்தை எழுதிய படம். ஒரு கப்பல் வியாபாரி காணிக்கையாக வைத்தான். அன்றிலிருந்து வெள்ளாறை உடையாருக்குத் தம் ஊர் பிடிக்கவில்லை. அவர் ஆண்ட ஊரோ, ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் ‘நூறு வயசு’ சொல்லும் அளவு.

உடையார் படத்தின் முன் நின்றிருந்தார். பிரதானி வேங்கடபதி படத்தையும் உடையாரையும் மாறி மாறி வியந்துகொண்டிருந்தார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

“வாரும் கொழுந்து. தூண் வைத்த நடைக்கூடம், மணிக்கோபுரம், நீரூற்று, எல்லாம் பூக்காரத் தெரு இருக்கும் இடத்தில் வரப்போகிறது. படத்தில் உள்ளபடியே. ஒரு செங்கல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“இந்தப் பெரிய கோயிலும் உள்ளபடியேதானா, மகாராஜா?”

“அதிலென்ன சந்தேகம்?”

“முகப்பிலே கீழ்ப்பாதிக்குத்தான் பளிங்கு. மேலே வெறும் செங்கல். அரை வரைக்கும் உடுத்திக்கிட்டு, அரையோட நிக்குது.”

பிரதானி முந்திக்கொண்டார். “அது அந்த ஊர்ப் பாணி. பாதியில் நிறுத்துவதில் ஒரு கம்பீரம் உண்டு.”

“அப்போ நம்ம ஊர்லே கம்பீரத்துக்குக் குறைவே இல்லை, பிரதானியாரே. நீங்க ஆரம்பிச்ச மதகு, சத்திரம் எல்லாமே அந்தப் பாணிதான்.”

“பேச்சை வளர்க்காதீர்” என்றார் உடையார். “நீரூற்றின் மேல் நிற்கிறானே கடல்தேவன், அந்த இடத்தில் என் சிலை. முகம் மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் உள்ளபடியே. சிற்பியும் அந்த ஊர் முறைப்படிதான் செய்யவேண்டும்.”

கொழுந்து படத்தை நெருங்கிப் பார்த்தார். ஊரில் பாதிப்பேர் குடிதண்ணீருக்கு ஆற்றுக்கு நடக்கிறார்கள். இவருக்கு நீரூற்று. கோபம் வந்தது. ஆனால் குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

“பேஷா செய்யலாம். நம்ம சிற்பிங்க நூல் சொன்ன அளவிலே செதுக்குவாங்க. அந்த ஊர்லே ஆளையே எதிரே நிக்க வச்சுச் செதுக்குறதாக் கேள்வி. மகாராஜா வந்து நிக்கணும்.”

“நாளைக்கே நிற்கிறேன். என்ன உடுத்தி வரவேண்டும்?”

“அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தேவன் கையிலே சூலம் இருக்கு. தலையிலே முடி இருக்கு. வேற ஒண்ணும் இல்லை.”

உடையார் மூக்கு படத்தில் இடிக்கும்படி குனிந்தார். கண் பார்வை குறைந்து வெகுநாளாயிற்று. கண்ணாடி போட்டால் கம்பீரம் போய்விடும் என்று போடுவதில்லை.

“பிரதானி, நீர் இதைப் பார்த்தீரா?”

“பார்த்தேன். தேவர்தானே என்று…”

உடையார் குரலைத் தாழ்த்தினார். “ஒரு துண்டாவது கட்டிவிடலாமே, கொழுந்து.”

“கட்டலாம். படத்திலே இல்லாத ஒண்ணு கூடிப்போகும். உள்ளபடியே செஞ்சா, பெயர்தான் இடிக்குது. குடத்தோட வர்ற பொம்பளைங்க அண்ணாந்து பார்த்து, ‘இது யாரு’ன்னு கேட்பாங்க. உடையார்னு சொல்ல முடியாது. இல்லார்னுதான் சொல்லணும்.”

சபையில் யாரோ இருமினார்கள். இருமல் வரிசையாகத் தொற்றியது. உடையார் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். தாம் ஒருவர்தான் சிரிக்காதவர் என்று தெரிந்ததும் சத்தமாகச் சிரித்தார்.

“யானையைக் கொட்டடிக்கு ஓட்டச் சொல்லுங்கள். பூக்காரத் தெரு அப்படியே இருக்கட்டும். படத்தைப் பிரதானி வீட்டுக்கு அனுப்புங்கள், அவருக்குத்தான் பிடித்திருக்கிறது. கொழுந்துக்கு ஒரு பட்டுச் சால்வை.”

சொல்லிக்கொண்டே, இடுப்புக் கச்சையை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டார்.