படைநெல் வாங்கியவள்

வெகுகாலத்துக்கு முன்னே காரிவளநாட்டை ஆதிமுடியன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொடுத்த நிலத்தைச் சாயங்காலம் பிடுங்குகிற ராஜா. அவன் இளவரசனாக இருந்தபோது நடந்த போரில் பிழைத்த வீரர்களுக்கு மாதம் ஒரு மூட்டை படைநெல் உண்டு. வீரன் செத்தால் பெண்டாட்டிக்கு, அவள் சாகும்வரை. அதனால் பல்லுப்போன கிழவர்களுக்கும் பெண் கிடைத்தது.

களஞ்சியத் தலைவன் நஞ்சுண்டனுக்கு இது வயிற்றெரிச்சல்.

“மகாராஜா, இருபது வயசுக்காரி எழுபது வயசுக்காரனுக்கு மாலை போடுவது எதற்கு? உங்கள் நெல்லை ஏமாற்றித் தின்னத்தான்! மெய்யான பெண்டாட்டி என்றால், புருஷனைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சபையில் சொல்லட்டும். அதற்குச் சாட்சியும் காட்டட்டும். இல்லையென்றால் நெற்றியில் சூடு!”

ராஜா தலையாட்டிவிட்டான்.

மறுநாள் பன்னிரண்டு பெண்கள் சபையில் நின்றார்கள். பக்கத்தில் கரி அடுப்பு. அதில் இரும்பு சிவந்துகொண்டிருந்தது.

“யாருக்கும் தெரியாததுக்குச் சாட்சிக்கு எங்கே போறது?” என்று ஒருத்தி அழுதாள்.

முதலில் கூப்பிட்டது வெள்ளச்சியை. கிழவன் மாசாணத்தின் பெண்டாட்டி. முன்னால் வந்தாள்.

“நெல்லுக்காகத்தானே அவனைக் கட்டிக்கொண்டாய்?” என்றான் நஞ்சுண்டன்.

“ஆமாங்க சாமி. வீட்டுல நாலு தங்கச்சிங்க பட்டினி.”

சபை சிரித்தது.

“சாட்சி யாரடி?”

“ராஜாதான்.”

சிரிப்பு நின்றது.

“திமிரைப் பாருங்கள்! சொல்லடி, சபைக்கே கேட்கும்படி!”

சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் சூடு. வெள்ளச்சி வாயே திறக்கவில்லை. இடது கைச் சுண்டுவிரலை மடக்கி, அந்தக் கையால் தன் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்தினாள். கண் பிதுங்கியது. அப்படியே நின்றாள்.

“என்ன இது, ஊமைக்கூத்தா?” என்றான் நஞ்சுண்டன்.

ராஜா எழுந்துவிட்டான். தோற்றோடிய நாளில், பிணங்களுக்கு நடுவே கிடந்து அழுத பதினாலு வயது இளவரசனின் வாயை எதிரிக்குக் கேட்காதபடி பொத்தியது, சுண்டுவிரல் இல்லாத ஒரு கை. அது அவனுக்கும் மாசாணத்துக்கும் மட்டுமே தெரியும்.

“போதும், கையை எடு.” ராஜா கிட்டே வந்தான். “இன்னமுமா?”

“தூக்கத்துல, தினமும். உளறிக்கிட்டே என் வாயைப் பொத்துவாரு. என்னை வேற யாரோன்னு நினைச்சுக்குவாரு.”

“நீ என்ன செய்வாய்?”

“அசைய மாட்டேன் ராஜா. அசைஞ்சா இன்னும் இறுக்குவாரு. இன்னைக்குச் செத்துடுவேனோன்னு பயந்துகிட்டே கிடப்பேன்.”

“அடுப்பை அணையுங்கள். இவளுக்குச் சாட்சி நான். மற்றப் பதினொரு பேரிடமும் யாரும் எதுவும் கேட்கவேண்டாம். கேட்க எனக்குத் தைரியமில்லை.”

நஞ்சுண்டன் விடவில்லை. “ஒரு கிழவன் கைக்கு இவ்வளவு பயமா? சும்மா படுத்துக்கிடக்க ஒரு மூட்டை நெல்லா மகாராஜா?”

“அப்படியா? இன்று ராத்திரி மாசாணத்தின் பக்கத்தில் நீ படு.”

மறுநாள் நஞ்சுண்டன் மேல்துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு வந்தான். துண்டு விலகியபோது கன்னத்தில் விரல் தடம்.

“ஒரு மூட்டை போதாது மகாராஜா. பன்னிரண்டு பேருக்கும் இரண்டாகக் கொடுத்துவிடுங்கள்.”

அன்றைக்கே அளந்து கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் வெள்ளச்சி வழக்கம்போல மாசாணத்தின் பக்கத்தில் போய்ப் படுத்தாள், மூச்சு முழுக்க ஒருதரம் இழுத்துக்கொண்டு.