தாணம்மா ஏற்றிய விளக்கு

கொச்சியில் நப்தாலி முதலாளி என்றொரு யூத வியாபாரி இருந்தார். வாயைத் திறந்தால் வேதம்தான். ஒரு சனிக்கிழமை, ஓய்வுநாள் விருந்துக்கு வேத பண்டிதர் ஒருவரை அழைத்திருந்தார். "ஆதாம் ஒருத்தன்தான் எல்லாருக்கும் அப்பன். என் அப்பன் ஒசத்தின்னு எவனும் சொல்லக்கூடாது" என்று அவரிடம் அளந்துகொண்டிருந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. தட்டிலோ முள் நிறைந்த மீன்.

ஓய்வுநாளில் யூதர் விளக்கேற்றக்கூடாது. பிறரை ஏற்றச் சொல்லவும் கூடாது. முதலாளி அடுக்களை வாசலில் நின்ற, யூதரல்லாத வேலைக்காரி தாணம்மாவைப் பார்த்து, "ரொம்ப இருட்டா இருக்கே!" என்று கனைத்தார்.

"ஆமா முதலாளி, நல்ல இருட்டு" என்றாள் அவள். அசையவில்லை.

"பதினோரு வருஷமா இருக்கே, ஜாடை தெரியலையா? நாளைக்கே மூட்டையைக் கட்டு!"

"உங்களுக்காக ஏத்தினா உங்களுக்குத்தானே பாவம்? எனக்காக ஏத்திக்கிட்டா அந்த வெளிச்சத்துல நீங்களும் சாப்பிடலாமாமே?"

"சட்டம் அதுதான்" என்றார் பண்டிதர்.

தாணம்மா தன் தட்டோடு வந்து முதலாளிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலாளி துள்ளி எழுந்தார்.

"ஒரே அப்பன் பிள்ளைங்கதானே முதலாளி?" என்றபடி விளக்கை ஏற்றினாள்.

அவள் தட்டில் நேற்றைய சோறும் ஒரு உப்புக்கல்லும் இருந்தன. அதைப் பார்த்த பண்டிதர் தன் மீன் தட்டைத் தள்ளிவைத்தார்.

முதலாளிக்கு அந்த விளக்கை ஊதி அணைத்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் ஓய்வுநாளில் அணைக்கவும் கூடாது.