ஆறு குழல்களும் ஒரு வாயும்

ஒரே மூங்கிலில் அறுத்த ஆறு புல்லாங்குழல்கள் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. நாலாம் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் வருகிற சந்தியாகு சார் அவர்களுக்கு ஊதச் சொல்லிக்கொடுப்பார் என்று ஏற்பாடு.

குழல்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நின்றுகொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன.

“என் பளபளப்பைப் பாருங்க. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுப் பேரன் என்னைத்தான் எடுப்பான்” என்றது மினுக்கி. அதன்மேல் வார்னிஷ் கொஞ்சம் தூக்கலாகப் பூசியிருந்தது.

“பளபளப்பு கெடக்கட்டும், சத்தம் வரணுமே” என்றது கரகரா.

மற்ற ஐந்தும் கொல்லென்று சிரித்தன. “சத்தத்தைப் பத்தி யாரு பேசறதுன்னு ஒரு கணக்கு வேணாமா?”

கரகராவின் வாய்த்துளையில் பிசிறு இருந்தது. ஊதினால் சளி பிடித்த ஆட்டுக்குட்டி கூப்பிடுகிற மாதிரிதான் வரும்.

முதல் வகுப்பு நன்றாகவே நடந்தது. ஒரு பிள்ளை ஊதி முடித்ததும் சார் குழலை வெந்நீரில் அலசி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார். “எல்லா வாயும் எனக்கு ஒண்ணுதான்” என்று வெந்நீர்க் குண்டான் ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த வகுப்பன்று காலை தலைவரின் மருமகள் சுகன்யா, நாலைந்து தாய்மார்களோடு பெரிய டீச்சரைப் பார்க்க வந்தாள்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வித்தியாசம் பாக்கறவங்க கிடையாது. பக்கத்துல உக்காருதுங்க, படிக்குதுங்க, ஏதாவது சொன்னோமா? ஆனா இது வாய் வச்சு ஊதற சமாசாரம். கீழத்தெருப் பொண்ணு ஊதினதை எம்புள்ள ஊதணுமா?”

கீழத்தெருவிலிருந்து நாலாம் வகுப்புக்கு வந்தவள் செவ்வந்தி ஒருத்திதான்.

“கொதிக்கிற தண்ணியில போட்டுத்தாங்க கொடுக்கறேன்” என்றார் சார்.

“தண்ணியில போற எச்சில் வேற சார். இது வேற.”

பெரிய டீச்சர் யாரையும் நோகடிக்காதவர். யோசித்துச் சொன்னார்: “இருக்கறதுல மோசமான குழலா ஒண்ணை அந்தப் பொண்ணுக்குன்னு தனியா வச்சுடுவோம். அதுக்கும் குறையில்லை, உங்களுக்கும் சங்கடமில்லை.”

கரகராவின் கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டினார்கள். திரும்பி வாளிக்குள் வந்தபோது மற்றவை ஒதுங்கிக்கொண்டன.

“மேல படாதே” என்றது மினுக்கி.

“போன மாசம் வரைக்கும் ஒரே மூங்கில்லதானே இருந்தோம்?”

“அது காட்டுல. இது பள்ளிக்கூடம்.”

அன்றிலிருந்து கரகராவுக்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய குவளை.

மீதிப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஐந்து குழல்கள். மூன்று பேருக்கு ஒன்று. அரைமணி நேர வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிஷம்; அதிலும் பாதி, “என் முறை, உன் முறை” என்று பிடுங்கிக்கொள்வதில் போய்விடும். செவ்வந்தியின் குழலை மட்டும் யாரும் கேட்கவில்லை. வகுப்பு முழுக்க அவளிடமே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. துளையின் பிசிறைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தாள். தலைக்கு வைத்த எண்ணெயில் மிச்சத்தைக் குழலுக்குத் தடவினாள். அம்மா களையெடுத்துவிட்டு வரும்வரை ஊதினாள்.

இரண்டே மாதம். நெய் விட்ட பொங்கல் தொண்டையில் இறங்குகிற மாதிரி கரகராவிலிருந்து சுரம் வழுக்கிக்கொண்டு வந்தது.

மகனைக் கூட்டிப்போக வந்த சுகன்யா வாசலிலேயே நின்றுவிட்டாள். நேரே பெரிய டீச்சரிடம் போனாள்.

“நல்ல குழலா பாத்து அவகிட்டயா குடுத்தீங்க?”

“குழல் இல்லைங்க, அந்தப் பொண்ணு...” என்று ஆரம்பித்தார் சார்.

“நீங்க சும்மா இருங்க சார். மூங்கில் நல்லாருந்தா யாரு ஊதினாலும் வரும். அதை எம்புள்ளைக்குக் குடுங்க.”

“அப்ப எச்சில்?” என்று இழுத்தார் பெரிய டீச்சர்.

“மூணு தடவை கொதிக்க விடுங்க. போயிடும்.”

குண்டான் அடுப்பில் வைக்காமலே பொங்கிவிடும்போல் இருந்தது. ஆனால் யார் கேட்டார்கள்?

சிவப்பு நூல் மினுக்கியின் கழுத்துக்கு மாறியது. பேரன் அதை வைத்துப் பெஞ்சில் தாளம் தட்டி வார்னிஷையெல்லாம் உதிர்த்திருந்தான். இப்போது அதுதான் மோசமான குழல்.

“நான் தலைவர் வீட்டுக் குழல்! ஆள் தெரியாம மாத்திட்டாங்க!” என்று மினுக்கி கதறியது. செவ்வந்தி பாவாடை நுனியால் அதைத் துடைத்து உதட்டில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது கதறலை நிறுத்தியிருந்தது.

“என் தொண்டை இப்படியா?” என்றது மெதுவாக. “இத்தனை நாளா எனக்கே தெரியலையே.”

கரகரா பேரன் கையில் போய் இருமியது. “பையன் இன்னும் பழகணும். குழல் நல்ல குழல், என் காதால கேட்டேன்” என்றாள் சுகன்யா.

ஆனால் பொங்கல் விடுமுறைக்கு முன்னால் மினுக்கியின் சுரம் தெருவுக்குக் கேட்டது. “அவங்க வீட்டுக்கு மட்டும் நல்ல குழல், எங்களுக்குக் கிடையாதா?” என்று ரைஸ் மில் வீட்டம்மா வந்து நின்றாள். மறுபடியும் வெந்நீர், மறுபடியும் மூன்று கொதி. மூன்றாவது குழல் செவ்வந்தியிடம் போனது. அது தேறியதும் அதையும் கேட்டு ஆள் வந்தது. பிறகு நாலாவது.

வாளிக்குள் பேச்சே மாறிப்போயிற்று. இப்போதெல்லாம் வகுப்பு வந்தால் யார் மோசமாகக் கத்துவது என்று போட்டி.

“நான் போன வாரமே சுதி விலகிட்டேன். அடுத்தது நான்தான்” என்றது ஐந்தாவது.

“எனக்கு ஒரு தடவையாவது அந்த நூலைக் கட்டமாட்டாங்களா?” என்று ஏங்கியது ஆறாவது.

இரண்டுக்கும் முறை வந்தது. ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், செவ்வந்தியின் வாய் படாத குழல் அந்த வாளியில் ஒன்றுகூட இல்லை. அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஆறும் நல்ல குழல் என்பதை மட்டும் ஊரே ஒத்துக்கொண்டது.

மேடையில் யாருக்கு எது என்று பெரிய டீச்சர் பட்டியல் போட்டார். பதினாலு பிள்ளைகளுக்கு ஐந்து. தலைவர் பேரனுக்குத் தனியாக ஒன்று, அவன் முன்வரிசையில் நிற்பதால்.

செவ்வந்தி கை கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

“எனக்கு எது டீச்சர்?”

“என்னை! என்னை எடு!” என்று வாளிக்குள் ஆறும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எம்பின. மினுக்கிதான் எல்லாவற்றையும்விட உயரமாக எம்பியது. பெரிய டீச்சர் காதில் அது மூங்கில் உரசும் சத்தமாகத்தான் விழுந்தது.

அவர் ஒவ்வொரு குழலாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். பிறகு அவள் தலையைத் தடவக் கை நீட்டி, பாதியில் வளையலைச் சரிசெய்துகொண்டார்.

“குடுக்கக் கூடாதுன்னு இல்ல கண்ணு” என்றார். “உனக்குக் குடுக்கற மாதிரி மோசமான குழல் இப்ப ஒண்ணுகூட இல்லையே.”